எந்திரத்தோடு ஒரு கை – 17: அரை மீட்டர் மேசை

1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சதுரங்க சாம்பியன் காஸ்பரோவ் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கம்ப்யூட்டரிடம் தோற்றதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அந்தப் பந்தயத்தின் புகைப்படங்களை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். காஸ்பரோவுக்கு எதிர் நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். ஐபிஎம் குழுவைச் சேர்ந்த ஷூ, கேம்ப்பெல், ஹோன் என்ற மூவரில் யாராவது ஒருவர். திரையில் வரும் நகர்வைப் பார்த்துக் காயை எடுத்து வைப்பது, கடிகாரத்தைத் தட்டுவது, காஸ்பரோவ் ஆடியதைத் தட்டச்சு செய்வது, இவ்வளவுதான் அவர் வேலை. உலக சாம்பியனை வீழ்த்திய டீப் ப்ளூவுக்கு ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளக் கை கிடையாது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சதுரங்கத்தில் காயை யார் கை நகர்த்தினாலும் ஆட்டம் ஒன்றுதான்.

கைதான் ஆட்டமே என்றால்? டீப் ப்ளூவுக்குப் பதினான்கு வருடம் முன்பே ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் இதை ஒரு பந்தயமாகவே அறிவித்துவிட்டார். காலத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஜான் பில்லிங்ஸ்லி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பாலிடெக்னிக்கில் ஆசிரியர். எந்திரங்களுக்குப் போட்டி வைப்பதில் தணியாத ஆசை கொண்டவர். புதிர்ப்பாதைக்குள் தானாக வழி தேடி ஓடும் எந்திர எலிகளுக்கு 1980-ல் லண்டனில் பந்தயம் நடத்தியவர். எலி ஓடிப் பழகிவிட்டது, அடுத்தது என்ன என்ற கேள்விக்கு 1983-ல் அவர் சொன்ன பதில் பிங்பாங். ரோபோவும் ரோபோவும் பந்தடிக்க வேண்டும், அதற்கான விதிகள் இவை என்று எழுதி அறிவித்தார்.

அந்த விதிகளைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது மேசையின் அளவு. நாம் ஆடும் டேபிள் டென்னிஸ் மேசை 2.74 மீட்டர் நீளம், 1.525 மீட்டர் அகலம். பில்லிங்ஸ்லியின் மேசை 2 மீட்டர் நீளம், அகலம் வெறும் அரை மீட்டர். பரப்பில் நிஜ மேசையின் கால் பங்குகூட இல்லை. அதோடு மேசையின் இரு முனையிலும் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரமாகக் கம்பிச் சட்டம் நிற்கும். அடித்த பந்து அந்தச் சட்டத்துக்குள் புகுந்து போனால்தான் செல்லும். எதிராளிக்கு எட்டாத மூலைக்குப் பந்தைத் தள்ளுவது, மேசைக்கு வெளியே ஓட வைப்பது, தலைக்கு மேல் தூக்கிப் போடுவது எதற்கும் வழியில்லை. ரோபோ காவல் காக்க வேண்டியது ஒரு சின்ன ஜன்னலை மட்டும்.

இதைப் படித்துச் சிரித்துவிடக் கூடாது. அன்றைய கேமரா, அன்றைய கம்ப்யூட்டர், அன்றைய மோட்டார் மூன்றும் சேர்ந்து எதைச் சமாளிக்கும் என்று துல்லியமாக எடை போட்டவர் பில்லிங்ஸ்லி. நிஜ மேசையைக் கொடுத்திருந்தால் போட்டிக்கு ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க நாம் கேட்கப்போகும் கேள்வி இதுதான்: எந்திரம் ஆடுவதற்காக ஆட்டத்திலிருந்து எதை எடுத்து வைத்தார்கள்? ரோபோ இத்தனை பாயின்ட் எடுத்தது, இன்னாரை வென்றது என்ற செய்திகளைவிட இந்தக் கணக்குதான் உண்மையைச் சொல்கிறது.

பில்லிங்ஸ்லியின் பந்தயத்துக்கு வந்தவர்களில் ஒருவரை நின்று பார்க்க வேண்டும். ரஸ்ஸல் ஆண்டர்சன், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்து ஆள். பிங்பாங் ரோபோவையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, 1988-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். எந்திரக் கையை அவர் புதிதாகச் செய்யவில்லை. தொழிற்சாலைகளில் அப்போது புழக்கத்தில் இருந்த பூமா 260 என்ற சின்னக் கையை எடுத்து, அதன் நுனியில் நீளமான ஒரு கோலைப் பொருத்தி, கோல் முனையில் பேட்டை வைத்தார். கை மெதுவாக அசைந்தாலும் கோலின் நுனி வேகமாக வீசும்.

கண்ணுக்கு நான்கு கேமராக்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 60 படம். இது எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமாரானது, கிளப்பில் ஆடுகிற யாரும் அடிப்பது. அந்தப் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நிஜ மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அது வந்து சேர 0.4 நொடி. அதற்குள் மொத்தமே 23 படங்கள்தான் கிடைக்கும். முதல் சில படங்களை வைத்துப் பாதையை ஊகித்து, பந்து மேசையில் குத்துவதற்கு முன்பே கை கிளம்பியாக வேண்டும். எல்லாம் தெளிவான பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் பந்து பின்னால் சுவரில் மோதியிருக்கும்.

ஆண்டர்சனின் சாமர்த்தியம் இங்கேதான். அவருடைய ரோபோ ஒரு திட்டத்தோடு வீச்சைத் தொடங்கும். அடுத்த படம் வந்ததும் திட்டத்தைத் திருத்தும். அதற்கடுத்த படத்தில் மறுபடி திருத்தும். பாதி வீச்சில் மனதை மாற்றிக்கொள்ளத் தெரிந்த எந்திரம். தொழிற்சாலைக் கைக்கு அதுவரை அப்படி ஒரு பழக்கமே இல்லை. சொன்ன இடத்துக்குப் போவது, நிற்பது, திரும்புவது என்றே வளர்ந்த கை அது. அந்த அரை மீட்டர் மேசையில் இந்த ரோபோ மற்ற எந்திரங்களோடும் ஆடியது, மனிதர்களோடும் ஆடியது. பில்லிங்ஸ்லி தொடங்கிய பந்தயம் 1993-ல் நின்றுபோனது. ஆண்டர்சனின் புத்தகத்தை இந்தத் துறைக்காரர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

மேசையின் அகலம் கண்ணுக்குத் தெரிகிற சலுகை. கண்ணுக்குத் தெரியாத சலுகை இன்னொன்று உண்டு: ஸ்பின். குறுகிய மேசையும் கம்பிச் சட்டமும் இருந்ததால் ஸ்பின்னை வைத்து வித்தை காட்ட அங்கே இடம் ரொம்பக் குறைவு. டேபிள் டென்னிஸிலிருந்து ஸ்பின்னை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பந்தைத் தட்டிக்கொண்டிருப்பது மட்டுமே என்று எந்த ஆட்டக்காரரும் சொல்வார்.

பந்தின் எடை 2.7 கிராம். அவ்வளவு லேசான பந்து சுழன்றுகொண்டே காற்றில் போனால் காற்று அதை வளைத்துவிடும். டாப் ஸ்பின் பந்து எதிர்பார்த்ததற்கு முன்பே தலையைக் கவிழ்த்து இறங்கும். பேக்ஸ்பின் பந்து மிதந்து வரும், மேசையில் பட்டதும் தயங்கும், நம் பேட்டில் பட்டதும் விறுவிறுவென்று வலைக்குள் போய் விழும். பந்து எங்கே வருகிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. எப்படிச் சுழல்கிறது என்றும் தெரிய வேண்டும். வெள்ளைப் பந்தின் சுழற்சி கண்ணுக்குத் தெரியாது. நல்ல ஆட்டக்காரர் பந்தைப் பார்ப்பதற்கு முன் எதிராளியின் பேட்டைப் பார்ப்பது அதனால்தான்.

மனிதர்களே இதில் திணறியிருக்கிறார்கள். 1952-ல் பம்பாயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு ஹிரோஜி சாட்டோ என்ற ஜப்பானியர் தடித்த ஸ்பான்ஜ் ஒட்டிய பேட்டோடு வந்தார். அதுவரை பழைய ரப்பர் பேட்டின் ‘டொக்’ சத்தத்தைக் கேட்டே அடியின் பலத்தை ஊகித்துப் பழகியவர்களுக்கு, சத்தமே இல்லாமல் வந்த அவருடைய பந்துகள் பிடிபடவில்லை. பட்டம் ஜப்பானுக்குப் போனது. பிறகு 1980-களில் இன்னொரு கூத்து. பேட்டின் ஒரு பக்கம் நன்றாகச் சுழற்றும் ரப்பர், மறு பக்கம் சுழற்சியே தராத ரப்பர், இரண்டும் ஒரே நிறம். விளையாடும்போதே பேட்டைக் கைக்குள் திருப்பிவிடுவார்கள். எந்தப் பக்கம் அடித்தது என்று எதிராளிக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அடிக்கிற நொடியில் காலைத் தரையில் ஓங்கி உதைத்தவர்களும் உண்டு. கடைசியில் சர்வதேசச் சங்கம் தலையிட்டு, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு என்று விதி போட்டது. ஸ்பின்னைப் படிக்க முடியாமல் மனிதர்கள் தங்களுக்காக விதியை மாற்றிக்கொண்ட அதே பத்தாண்டில்தான் பில்லிங்ஸ்லி எந்திரங்களுக்காக மேசையைக் குறுக்கினார். இந்தப் பொருத்தத்தை ஏன் யாரும் பெரிதாக எழுதவில்லை என்று எனக்கு வியப்பு.

அதன் பிறகு இருபது வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். மேசை முழு அளவுக்கு வந்தது. வியட்நாமின் டோஸி நிறுவனம் 2007-ல் டோக்கியோ கண்காட்சிக்கு டோப்பியோ என்ற பிங்பாங் ரோபோவைக் கொண்டுவந்தது. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகம் 2011-ல் வூ, கோங் என்று இரண்டு மனித உருவ ரோபோக்களை எதிரெதிரே நிறுத்திப் பந்தடிக்க விட்டது. கூட்டம் கூடியது, படம் பிடித்தார்கள்.

சத்தமில்லாமல் நடந்த முக்கியமான வேலை ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்தில். மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் கத்தரீனா ம்யூலிங், யென்ஸ் கோபர், யான் பீட்டர்ஸ் ஆகியோர் எந்திரக் கைக்கு அடியைக் கணக்காக எழுதிக் கொடுக்கவில்லை. ஒருவர் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துச் சொல்லிக் கொடுப்பதுபோல, பந்து வரும்போது அடித்துக் காட்டினார். அப்படிக் கற்ற சில வீச்சுகளைக் கலந்து, காட்டிக் கொடுக்காத பந்துக்கும் தானாக ஒரு வீச்சை அமைத்துக்கொள்ளக் கை பழகியது. ஆண்டர்சனின் எந்திரம் கணக்குப் போட்டு ஆடியது. இது பழகி ஆடியது. இனி வரும் பலரும் இந்த இரண்டாவது வழியில்தான் போகப்போகிறார்கள்.

2014 மார்ச் மாதத்தில் உலகம் முழுக்க இந்த விஷயத்தைப் பேச வைத்த ஒரு வீடியோ வந்தது. ஒரு பக்கம் டிமோ போல், பல முறை உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஜெர்மன் வீரர். மறு பக்கம் கூகா நிறுவனத்தின் ஆரஞ்சு நிற எந்திரக் கை. மனிதனும் எந்திரமும் மோதும் பெரும் போர் என்று முன்னோட்டமெல்லாம் விட்டிருந்தார்கள். படத்தில் ரோபோ 6-0 என்று முன்னேறும். போல் சுதாரித்துக்கொண்டு 11-9 என்று வெல்வார். நம்மூர் சினிமாவில் இடைவேளை வரை அடிவாங்கும் கதாநாயகன்தான்! ஷாங்காயில் திறக்கப்பட்ட கூகா தொழிற்சாலைக்காக எடுத்த விளம்பரப் படம் அது. வெட்டி ஒட்டி, மெருகேற்றி எடுத்தது. நிஜமான ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று காத்திருந்த டேபிள் டென்னிஸ் ரசிகர்கள் எரிச்சலடைந்ததில் நியாயம் இருக்கிறது. நம் கணக்குப்படி பார்த்தால், ஆட்டத்திலிருந்து இந்த முறை எடுத்து வைத்தது ஆட்டத்தையே.

இதற்கு நேர் எதிரான ஒன்றை ஜப்பான் செய்துகொண்டிருந்தது. ஆம்ரான் நிறுவனம் 2013-ல் காட்டிய ரோபோவுக்குப் பின்னாளில் ஃபோர்ஃபியஸ் என்று பெயர் வந்தது. மேசைக்கு மேலே, சிலந்திக் கால்கள் மாதிரி தொங்கும் கை. முழு மேசை, நிஜப் பந்து. ஆனால் அது வெல்லப் பார்ப்பதில்லை! எதிரில் நிற்பவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்து, அவர் திருப்பி அடிக்கக்கூடிய இடத்துக்குப் பந்தை அனுப்பும். ராலி நீளமாகப் போவதுதான் அதன் நோக்கம். உலகின் முதல் டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர் ரோபோ என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. இதுவரை மனிதன் எந்திரத்துக்கு விட்டுக்கொடுத்து வந்தான். இங்கே எந்திரம் மனிதனுக்கு விட்டுக்கொடுக்கிறது. இந்த வரிசையில் மிக நேர்மையான எந்திரம் எது என்று என்னைக் கேட்டால் ஃபோர்ஃபியஸைத்தான் சொல்வேன்.

வெல்லும் நோக்கத்தோடு, முன்பின் பார்த்திராத மனிதர்களோடு, பாயின்ட் எண்ணி ஆடிய ஆட்டத்தின் விவரம் 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. கூகுள் டீப்மைண்ட் குழுவின் வேலை. ஏபிபி நிறுவனத்தின் ஆறு மூட்டுகள் கொண்ட தொழிற்சாலைக் கை. அது முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர ஒன்றின்மேல் ஒன்றாகத் தண்டவாளங்கள். பந்தைப் பார்க்கும் கேமராக்கள் நொடிக்கு 125 படம் எடுப்பவை, ஆண்டர்சனுடையதைப் போல் இரண்டு மடங்கு. எதிராளியின் பேட் எப்படி அசைகிறது என்று கவனிக்கத் தனியாக இன்னொரு கேமரா வரிசை.

பயிற்சி எப்படி நடந்தது என்பது சுவையானது. மனிதர்கள் தங்களுக்குள் ஆடிய 40 நிமிட ஆட்டம், பந்து வீசும் எந்திரம் வீசிய 480 நிமிடப் பந்துகள், இவற்றிலிருந்து ஒவ்வொரு பந்தும் எந்த இடத்திலிருந்து, எந்த வேகத்தில், எந்தச் சுழற்சியோடு கிளம்பியது என்று குறித்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு போலி மேசையை அமைத்து, அந்தப் பந்துகளை மறுபடி மறுபடி வீசி ரோபோவைப் பழக்கினார்கள். பிறகு நிஜ மேசைக்குக் கொண்டுவந்து மனிதர்களோடு ஆட விட்டார்கள். அந்த ஆட்டத்தில் புதிதாக வந்த பந்துகளையும் பட்டியலில் சேர்த்து, மறுபடி போலி மேசை, மறுபடி நிஜ மேசை. முடிவில் ராலிப் பந்துகளின் பட்டியல் 14,000-ஐத் தாண்டியது. மனிதர் என்ன பந்து போடுவார் என்று உட்கார்ந்து கற்பனை செய்யாமல், அவர்கள் போட்டதையே போட்டுப் பழகியதுதான் இதில் இருந்த சூட்சுமம்.

கையின் மூளை இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் தனித்தனித் திறமைகள்: ஃபோர்ஹேண்ட் டாப் ஸ்பின் ஒன்று, பேக்ஹேண்டில் குறி வைத்து அடிப்பது ஒன்று, சர்வீஸை வாங்குவது ஒன்று என்று. மேல் அடுக்கு, வருகிற பந்தைப் பார்த்து இதற்கு இது என்று தேர்ந்தெடுக்கும். ஆட்டம் போகப்போக, இந்த ஆளிடம் எது எடுபடுகிறது என்பதையும் கணக்கில் வைத்துத் தேர்வை மாற்றிக்கொள்ளும்.

29 பேர் வந்து ஆடினார்கள். புதிதாகக் கற்றவர் முதல் தேர்ந்த போட்டியாளர் வரை. ஆளுக்கு மூன்று கேம். ரோபோ 13 பேரை வென்றது. கற்றுக்குட்டிகள் எல்லோரையும் வென்றது. நடுத்தரமானவர்களில் 55 சதவீதம் பேரை வென்றது. அதற்கு மேற்பட்டவர்களில் ஒருவரைக்கூட வெல்லவில்லை. நல்ல கிளப் ஆட்டக்காரர் ஒருவரின் தரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எடுத்து வைத்தது என்ன? சர்வீஸ். டேபிள் டென்னிஸ் விதிப்படி பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்து, குறைந்தது 16 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போட்டு, மறு கையால் அடிக்க வேண்டும். இந்த ரோபோவுக்கு ஒரே ஒரு கைதான். ஆகவே எல்லா சர்வீஸையும் மனிதர்களே போட்டார்கள். ஆட்டத்தில் ஒருவர் முழுக்கத் தன் இஷ்டத்துக்குச் செய்யக்கூடிய ஒரே அடி சர்வீஸ். மற்ற அடியெல்லாம் எதிராளி கொடுத்ததற்குப் பதில். பதில் சொல்ல மட்டும் தெரிந்த ஆட்டக்காரர் 13 பேரை வென்றதைக் குறைத்துச் சொல்லவும் முடியாது, அதை முழு டேபிள் டென்னிஸ் என்று சொல்லவும் முடியாது.

தேர்ந்தவர்கள் எப்படி வென்றார்கள்? பழைய ஆயுதம்தான். சில பாயின்ட்டுகள் ஆடிப் பார்த்ததுமே அவர்களுக்கு ஓட்டை தெரிந்துவிட்டது. தாழ்வாக, கனமான பேக்ஸ்பின் வைத்துத் தள்ளினால் ரோபோ தடுமாறுகிறது. பந்து மேசையை ஒட்டி வருவதால் கை மிகவும் கீழே இறங்க வேண்டும். மேசையில் மோதிவிடக் கூடாது என்று அதற்குள் ஒரு பாதுகாப்புக் கட்டளை இருக்கிறது. அதோடு, எவ்வளவு சுழற்சி என்பதை அந்தக் கண நேரத்தில் கணிப்பதும் கடினம். இரண்டும் சேர, பந்து வலையில். ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் விடுவார்களா? அங்கேயே திரும்பத் திரும்பக் குத்தினார்கள். முப்பது வருடம் கிளப்பில் ஆடிய எந்த மாமாவும் இளைஞர்களிடம் செய்கிற வேலை இது.

இதில் எனக்குப் பிடித்த தகவல் ஸ்கோரில் இல்லை. பந்தயம் முடிந்ததும், விருப்பம் இருந்தால் இன்னும் 5 நிமிடம் வரை ரோபோவோடு சும்மா ஆடலாம் என்று சொல்லியிருந்தார்கள். சராசரியாக 4 நிமிடத்துக்கு மேல் ஆடியிருக்கிறார்கள், தோற்றவர்களும் சேர்த்துத்தான்.

அடுத்த வருடம் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு கால், இரண்டு கை உள்ள ஒரு மனித உருவ ரோபோ மனிதர் ஒருவரோடு தொடர்ந்து 106 அடி வரை ராலி ஆடியது. தண்டவாளம் போய்க் கால் வந்திருக்கிறது, இரண்டாவது கையும் வந்திருக்கிறது. பந்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் போட்டு அடிப்பது அந்த ஆய்வின் வேலையாக இருக்கவில்லை.

எந்திரத்துக்காக மேசையைச் சுருக்குவதில்லை, விதியைத் தளர்த்துவதில்லை என்று ஆரம்பத்திலேயே சத்தியம் செய்துகொண்டு இறங்கிய ஒரு கூட்டமும் உண்டு. காஸ்பரோவ் தோற்ற அதே 1997-ல், ஜப்பானின் நாகோயா நகரத்தில் ரோபோக்களுக்கான தங்கள் முதல் கால்பந்துக் கோப்பையை நடத்தினார்கள். 2050-க்குள் ரோபோ அணி ஒன்று உலகக் கோப்பை வென்ற மனித அணியைத் தோற்கடிக்க வேண்டும், அதுவும் ஃபிஃபா விதிகளின்படியே என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. சத்தியம் செய்த கையோடு அவர்கள் முதல் வருடமே என்னென்ன சலுகை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)